புள்ளி விவரம்

வின்னிப்பெக்கில் பதினெட்டு வருடமாக
நான் ஆராய்ந்தது புள்ளிகளை.

சொன்னால் சிரிப்பார்கள்.
ஆஸ்பத்திரிக் கணினியில் ஒரு மஞ்சள் பெட்டி எழும்:
இவருக்கு இந்த மருந்து ஆகாமல் போகலாம்.
மூடலாம். மூடுமுன் காரணம் எழுதவேண்டும்.
காரணம் கட்டாயம் என்று விதித்தது எங்கள் குழு.
கூட்டத்தில் முதலில் கை தூக்கியவள் நான்.

எழுதினார்கள்,
ஒரு முற்றுப்புள்ளி.
எலும்புப் பிரிவில், மகப்பேற்றில், இதயத்தில்,
ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே
எல்லோரும் கண்டுபிடித்த ஒரே பதில்.
முதல் வருடம் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
யாரோ ஒருவர், ஒரு பெப்ரவரியில்,
அதிகாலை நாலு பத்துக்கு
பதினேழு புள்ளி வைத்திருந்தார்.
அவரைத் தேடிப்போய்க் கதைக்க ஆசைப்பட்டேன்.
அறநெறிக் குழு விடவில்லை.

சோம்பல் என்றது என் முதல் கட்டுரை.
நாகரிகமாகத்தான்: 'இணக்கக் குறைவு'.
அதற்கு ஒரு விருது,
கனமான கண்ணாடி,
காகிதம் பறக்காமல் இன்றும் பிடித்துக்கொள்கிறது.
இரண்டாம் கட்டுரையில் பெட்டியின் நிறத்தை மாற்றினோம்.
மூன்றாவதில் எழுத்தின் பருமனை.
நாலாவது முயற்சிக்கு மானியம் கேட்டோம், திரும்பி வந்தது.
மதிப்பிட்டவர்களில் ஒருவர்
'கருத்து' என்ற கட்டத்தில் வைத்திருந்தார்,
ஆமாம்,
அதையேதான்.
ஓலெனாவும் நானும் கார் நிறுத்துமிடத்தில்
இமைமயிர் உறையும் வரை நின்று சிரித்தோம்.

பிறகு இந்த ஜனவரி.
மைனஸ் முப்பத்திநாலு.
வெளியே கார்கள் மின்கம்பத்தில் வயர் செருகி,
சேலைன் ஏறும் நோயாளிகள் மாதிரி வரிசையாக நின்றன.
உள்ளே நான், சிறுநீரகக் கல்லோடு,
பிளாஸ்டிக் நாற்காலியில் கோணிக்கொண்டு ஐந்து மணி நேரம்.
வலி அலை ஓயும் இடைவெளிகளில்
சுவரில் இருந்த கை கழுவும் அறிவுறுத்தலின்
எழுத்துப் பருமனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாதியின் பெயர் மரிசெல்.
கல் இறங்குவதற்கான மாத்திரையை அவள் எடுத்ததும்
திரையில் எழுந்தது
என் பெட்டி.
என் மஞ்சள்.
தொண்ணூற்று மூன்றில், வந்து இறங்கிய புதிதில்,
ஏதோ மருந்துக்கு எனக்குத் தோல் தடித்ததாம்.
கூடினாலும் பரவாயில்லை, குறையக்கூடாது என்று
ஒரு மதியச் சாப்பாட்டு வேளையில் நான் எழுதிய விதி
என்னைப் பார்த்தே கத்தியது.

மரிசெல் அதைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தாள்.
"எந்த மருந்து, ஞாபகம் இருக்கா?
மூச்சு முட்டினதா?
பிறகு எப்பவாவது அதே மாதிரி?"
நான் சொன்னதைக் கேட்டாள். யோசித்தாள்.
வைத்தியருக்குப் போன் போட்டு ஒரு நிமிடம் பேசினாள்.
பிறகு மோதிர விரலால்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்,
ஒரு புள்ளி.

"அது அடிக்கடி வருமோ?" என்று கேட்டேன்.
"அதுவா? அது பாவம்," என்றாள்,
"எல்லாரையும் பார்த்துக் கத்தும்."

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அலை மறுபடி வந்துவிட்டது.

என் கோப்பை நானே திறக்கக்கூடாது என்பது விதி.
(அதுவும் எங்கள் குழுவினதே.)
ஆகவே மொத்தக் கணக்கை மட்டும் எடுத்தேன்:
அன்றிரவு, அந்தப் பிரிவில், இருநூற்றுப் பன்னிரண்டு.
எதில் நான் இருக்கிறேன் என்று தெரியாது.
எதற்குள் மூன்று கேள்வியும் ஒரு தொலைபேசி அழைப்பும்
மடிந்து கிடக்கின்றன என்பதும்.
தமிழில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விட்டது என்றுதான்
இத்தனை வருடம் வாசித்திருக்கிறேன்.
அதற்கு மெய் என்று பெயர் இருப்பதை
மறந்தே போனேன்.

ஓலெனாவிடம் சொன்னேன்,
முதல் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று.
"பதினாறு வருடத்துக்குப் பிறகா?"
"ஆமாம்."
"யார் வாசிப்பார்கள்?"
தெரியாது. வரைவு தொடங்கிவிட்டேன்,
'சோம்பல்' இருந்த இடம் இன்னும் காலி.

கல் வியாழக்கிழமை விழுந்தது.
சின்னக் குப்பியில், மேசையில் வைத்திருக்கிறேன்.
புள்ளியை விடக்
கொஞ்சம்தான் பெரிது.