கை வைச்சால் அடங்கும்

எழுபத்தையாயிரத்துக்கு வித்தன்.
எண்பது கேட்டனான். மானிப்பாய்ப் பெடியன்
ஐஞ்சைக் குறைச்சான், குறைக்க விட்டன்.
உறையோட சேர்த்துக் குடுத்தன்.
உறையின்ர பக்கப் பொக்கற்றில மூண்டு பிக் கிடந்தது
ஞாபகம் வரேக்க
அவன்ர மோட்டார் சைக்கிள் ஓட்டுமடம் தாண்டியிருக்கும்.

அது கரண்ட் போற காலம்.
பகலில அரைவாசி, இரவில அரைவாசி.
இருட்டுக்குள்ள எலக்ட்ரிக் கிற்றார் வாசிச்சால்
தகரத்தில பல்லி நடக்கிற சத்தம்தான் வரும்.
அதையும் வாசிச்சன்,
அதின்ர உடம்பில கன்னத்தை வைச்சு
எலும்பால கேட்டுக்கொண்டு.

வித்த காசுக்கு இன்வேர்ட்டர் பற்றரி வாங்கினன்.
லைட் எரிஞ்சது. ஃபான் சுத்தினது.
அம்ப்பின்ர சிவப்புக் கண்ணும் முழிச்சது,
சொருக ஒண்டும் இல்லாமல்.

எட்டு மாதத்தில பற்றரி வீங்கிச் செத்தது.
பழசு எடுக்கிறவன் நாலாயிரம் தந்தான்.
என்ர கிற்றாரில மிஞ்சினது அவ்வளவு.

போன தையில புதுசு வந்தது,
கொழும்பில இருந்து, இரவு பஸ்ஸில,
குழந்தைப்பிள்ளை மாதிரிச் சுத்திக் கட்டி.
பழசின்ர விலையைப்போல இரண்டு மடங்கு.
கறுப்பு. முகம் பார்த்துத் தலை இழுக்கலாம்.
சுருதி விலகாது. கேளாமல் ஒரு சத்தம் போடாது.
பழசு தொங்கின ஆணியிலதான் இதையும் தூக்கினன்.
சுவரில வெயில் படாத வடிவம் கொஞ்சம் பெரிசு,
இது அதை மூடேல்லை.

"நல்லாத்தானே இருக்கு, பிறகென்ன?"
சுகிர்தா கேட்டாள்.
நல்லாத்தான் இருந்தது.
நல்லூர்ச் சனத்துக்குள்ள செருப்பைத் துலைச்சவன்
புதுச் செருப்போட வீட்ட நடக்கிறமாதிரி
நல்லாத்தான் இருந்தது.

பழசு, பீட்ரூட் வெட்டின கையின்ர நிறம்.
ஜாக்கை நான்தான் ஈயம் வைச்சு ஒட்டினனான்,
ஃபோன் திருத்துற மேசையில,
கடைக்கு ஆள் வராத ஒரு மத்தியானம்.
ஈயம் சரியாப் பிடிக்கேல்லை. அண்டு தொடக்கம்
கையெடுத்தால் இரையும்,
கம்பியில கை வைச்சால் அடங்கும்.
பத்து வருசம். அது பிழை எண்டே நான் நினைக்கேல்லை.
பக்கத்தில படுத்திருக்கிற ஆள்
தொடச் சொல்லிக் கேக்கிறதை
ஆர் பிழை எண்டு சொல்லுவினம்?

ஆனியில, சுன்னாகத்தில ஒரு சாமத்தியவீடு.
சோத்துக் கோப்பையோட நிக்கேக்க
மேடையில அந்தச் சிவப்பு.
கிட்டப் போனன். அடிப்பக்கம்
படியில விழுந்த காயமும் அப்பிடியே கிடந்தது.
பாட்டு முடிஞ்சு பெடியன் கம்பியில இருந்து கையெடுத்தான்.
நான் காத்துக்கொண்டு நிண்டன்.
ஒண்டும் வரேல்லை.
வாசலை மறிச்ச வானின்ர நம்பரை
ஆரோ மைக்கில சொல்லிச்சினம்.

இறங்கி வந்தவன் மட்டுக்கட்டிச் சிரிச்சான்.
"அண்ணை, அதில ஒரு இரைச்சல் இருந்தது.
உள்ளுக்க முழுக்கச் செப்புத்தாள் ஒட்டி எடுத்திட்டன்.
ஆரோ கண்டபடி ஈயம் வைச்சிருந்தவங்கள்."

"ஓம்," எண்டன்.
திருப்பித் தருவியோ எண்ட கேள்வி வாய்வரைக்கும் வந்தது.
வடையோட விழுங்கினன்.
மூண்டு பிக் கிடந்ததே எண்டு கேட்டன்.
துலைஞ்சு போச்சு எண்டான்.

அண்டிரவு, எல்லாரும் படுத்த பிறகு
புதுசின்ர முதுகு மூடியைக் கழட்டினன்.
உள்ளுக்க வயர் எல்லாம்
பள்ளிக்கூடம் போற பிள்ளையின்ர பின்னல்மாதிரி.
ஏர்த் வயரை மட்டும் இளக்கிவிட்டன்.
அம்ப்பைப் போட்டன்.

இரைஞ்சுது.
கை வைச்சன்.
அடங்கேல்லை.

அப்பிடியே வைச்சுக்கொண்டு இருந்தன்.
"என்னப்பா அது சத்தம்?"
அறைக்குள்ள இருந்து சுகிர்தா.

"புதுசு," எண்டன்.