மாதிரி எண் 14

நாலு ரோட்டில் செருப்புக்கடைக்கு மேல்மாடி,
இம்தியாஸ் அண்ணன் டைப்பிங் சென்டர்.
நூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாளை மறுநாள் கடைசித் தேதி.
கைடு பென்சிலால் சுழித்துத் தந்திருந்தார்:
'நான்' வரக்கூடாது. எங்கேயும்.

இங்கிலீஷில் நான் ஒற்றை எழுத்து. ஐ.
வரியில் எங்கே நின்றாலும் பெரிய எழுத்து,
ராகிக் கொல்லை நடுவே கரண்ட் கம்பம் மாதிரி.
எனக்கே கூச்சமாகத்தான் இருந்தது.
தமிழில் அவ்வளவு நிமிர்ந்து நின்றதில்லை.
போனேன், மொண்டேன், மூடி போட்டேன்.
வினைக்கு வாலாக ஒட்டிக்கொண்டு வருவேன்.
பிய்த்துப் பார்த்தால்
ஏன் என்று கேட்கும் அந்த வால்.

'நாங்க'ன்னு போடலாமா சார் என்றேன்.
அட்டையில ஒரு பேர்தானே இருக்கு, மத்தவங்க யாரு?

யாரென்று சொல்வது.
காரிமங்கலம் பஸ்ஸில்
பாட்டில் பையை மடியில் வாங்கிக்கொண்டவள்,
பம்பு அடித்துக் கொடுத்த பையன்கள்,
வாயைத் திறங்க என்றதும் திறந்த நாற்பத்தாறு பேர்.
அந்த மொழியில் நாமும் நாங்களும் ஒரே சொல்.
கேட்பவரைச் சேர்த்தா, சேர்க்காமலா, சொல்லாது.
சாருக்கு ஊர் கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீர்.
சேர்த்திருக்க மாட்டேன்.

அண்ணன் இரண்டு கட்டையை அழுத்தினார்.
ஒரு பெட்டி வந்தது. மேலே நான், கீழே ஆய்வாளர்.
'எல்லாத்தையும் மாத்திடட்டுமா?'
இருநூற்றுப் பதினேழு இடம் என்றது கம்ப்யூட்டர்.
அவ்வளவு முறையா இருந்தேன்?

டீ வருவதற்குள் நான் இல்லை.
ஆய்வாளர் நீர் எடுத்தார். ஆய்வாளர் பற்களைப் பார்வையிட்டார்.
இந்தியாவின் தலையெழுத்தும் ஆய்வாளர் ஆகியிருந்தது.
நன்றியுரையில் அண்ணன் பேருக்கும் அதே கதி.
ரோமன் இரண்டு போட்ட அட்டவணையில்
ஆய்வாளர் பக்கத்தில் இன்னொரு ஆய்வாளர்.
சிரித்தோம்,
நான் கையால் வாயை மூடிக்கொண்டு.

ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க ஒன்பதரை.
எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு வரி:
பழுப்பேறிய பல் உள்ளவர்கள்
சிரிக்கும்போது வாயை மறைப்பது கவனிக்கப்பட்டது.
'யாரால?' என்றார் அண்ணன், கர்சரை நிறுத்தி.
'ஆய்வாளரால.'
அவர் திரும்பவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிற்சேர்க்கையில் பாட்டில்களின் போட்டோ.
படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை மாத்த முடியாதும்மா,
விட்டுடலாம் என்றார்.
பதினான்காவது பாட்டில்,
ஃப்ளோரைடு லிட்டருக்கு மூன்று புள்ளி ஒன்று மில்லிகிராம்.
வெள்ளை டேப்பின் மேல் பால்பாயிண்ட், கோணல் கையெழுத்து:
எங்க ஊட்டு போரு.