முப்பது குழி

மூன்றாவது மாடி. லிஃப்ட் என்பது இங்கே
பூட்டிய ஒரு கதவின் பெயர்.
விஞ்சு அடித்த தொடையில் ஸ்டான்லியில் வைத்த கம்பி.
கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவே
ஊன்றுகோலில் பதினோரு தப்படி.

முதல் வாரம் டீசல் ரிமோட்டைத் தின்றது.
இரண்டாம் வாரம் பிலோமியின் ஒற்றைச் செருப்பு,
பிறகு மெத்தையின் ஓரம், கேஸ் புத்தகம்,
பிறகு தன் வாலையே, ரத்தம் வரும்வரை.
காரப்பொடி தன் பங்குக்கு
விடியற்காலையில் அரிசி டிரம் மேலிருந்து
என் கட்டுப்போட்ட காலில் குதித்துப் பழகியது.
கீழ்வீட்டு முனிரத்தினம் படியேறி வந்து கேட்டார்:
"ராத்திரியெல்லாம் யார் வூட்ல கபடி?"

சாயந்திரமானால் என்னோடு
என்-ஃபோர் பீச் வரை ஓடிய நாய்.
வலை காயும் இடம், ஐஸ் உடைக்கும் இடம்,
கரையேற்றிய ஒவ்வொரு படகின் அடிவயிறும்
முகர்ந்து கையெழுத்துப் போடாமல் திரும்பாது.
இப்போது அதற்குப் பத்துக்குப் பன்னிரண்டு.
எனக்கும்தான்.

கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டர்
வாலுக்கு மருந்து தடவிவிட்டுச் சொன்னாராம்:
"வியாதி இல்லம்மா. வேலை இல்ல."
பிலோமி இதை நாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் முட்டைக்கடையிலிருந்து
காலித் தட்டு ஒன்று வந்தது. முப்பது குழி.
ஏழில் மட்டும் உப்புப் போகக் கழுவிய நெத்திலி,
எல்லாவற்றின் மேலும் கசக்கிய பேப்பர்.
டீசல் முதல் தட்டைக் கிழித்தது.
இரண்டாம் தட்டில் யோசித்தது.
யோசிக்கும் நாயைப் பார்த்திருக்கிறீர்களா?
ஒரு காது மட்டும் மடங்கும்.
மூக்கு கணக்குப் போடும்.
ஆறை எடுத்துவிட்டு, ஏழாவது எங்கே என்று
திருடனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தது.
காரப்பொடி அலமாரிக்குக் கீழே
வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் எனக்கே பித்தம் தலைக்கேறிவிட்டது.
பழைய லுங்கியில் முடிச்சு மேல் முடிச்சு
(படகில் போடும் முடிச்சு, லேசில் அவிழாது)
உள்ளே ஒரே ஒரு பொறை.
கழியில் நூல், நூலில் கோழி இறகு.
கட்டிலில் சாய்ந்தபடியே வீசுவேன்.
முள் இல்லாத அந்தத் தூண்டில்
காரப்பொடியை பீரோ உயரத்துக்கு இழுக்கும்.
கால்மணி ஆனதும் இறகைப் பிடிக்க விட்டுவிட வேண்டும்.
கிடைக்காத மீனுக்குத் தினமும் போக
அது என்ன, நாமா?

பிலோமி கொண்டுவருவது வேறு.
இறால் ஷெட்டிலிருந்து திரும்பும்போது
கேரி பேக்கில் முடிந்த ஒரு வாசனை:
ஒருநாள் பாசி பிடித்த மிதவை,
ஒருநாள் ஆட்டுக்கறிக்கடை வாசலில் கிடந்த கயிறு,
ஒருநாள் எந்தத் தெரு நாயோ படுத்த சாக்கு.
டீசல் அரைமணி நேரம் படிக்கும்,
பத்தி பத்தியாக, திரும்ப முதலிலிருந்து.
முடித்ததும் அடித்துப்போட்டதுபோல் தூங்கும்.
வால் ஆறிவிட்டது. முனிரத்தினம் வருவதில்லை.

நேற்றுப் பையில் இருந்தது ஒரு முழம் நைலான்.
முகர்ந்தது. நின்றது.
வால் தரையை அடிக்க அடிக்க
கவ்விவந்து என் வயிற்றின் மேல் வைத்தது.
"நம்ம போட்டுக் கயிறுதான்," அடுப்படியிலிருந்து குரல்,
"லாசர் அண்ணன் அறுத்துக் குடுத்தாரு."
எஞ்சின் எண்ணெய். தார். யாரோ சிந்திய டீ.
நானும் அரைமணி நேரம் படித்தேன்.

இன்னும் ஆறு வாரம் என்கிறார் டாக்டர்.
கயிற்றின் மேல் காரப்பொடி படுத்துவிட்டது, கேட்டால் தராது.
நாளைக்கு நெத்திலியை எங்கே ஒளிப்பது என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.
ஒரு காது மடங்கியிருக்கலாம்.