காகிதப்பூ

நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு நிறம் என்று
பெட்டியில் போட்டிருக்கிறது.
நான் எண்ணவில்லை.

காக்கி புக்கிட் பேருந்து நிறுத்தத்தில்
பலகையை மாட்டிவிட்டுச்
சோதனைக்கு ஒரு படம் ஏற்றினேன்:
எதிரே நடைபாலத்தில்
கண்ணைப் பறித்துக்கொண்டு கிடக்கும் காகிதப்பூ.

பலகை கறுத்தது. வெளுத்தது.
ஏதோ மறந்துபோன மாதிரி
மறுபடி கறுத்தது.
பிறகு மெல்ல
நூறு முறை துவைத்த சட்டையின் சிவப்பில்
வந்து நின்றது பூ.

“இவ்வளவுதானா?”
ஏணியைப் பிடித்தபடி ஹஃபிஸா.
இவ்வளவுதான்.

மணி ஒன்று.
நிற்பவர்கள் எல்லாரும்
கைபேசிக்கு உள்ளங்கையால் குடை பிடித்துக்
குனிந்து குனிந்து தேடுகிறார்கள்.
இது மட்டும்
விழுகிற வெயிலையே எண்ணெயாக்கி
எரிகிறது.

இரவுக்கு விளக்கு தனியாக வேண்டும்
என்று குறித்துக்கொண்டேன்.

படத்தை மாற்றினேன்.
அடுத்த பேருந்து: ஆறு நிமிடம்.
எண்ணுக்குப் பின்னால்
போக மனமில்லாத ஓர் இதழ்.
ஹஃபிஸா துணியை எடுத்துத்
துடைத்தே பார்த்துவிட்டார்.

வேலை முடிந்தது.
மின்கலத்தைக் கழற்றிப் பையில் போட்டேன்.
பேருந்து வந்தது,
எங்களை ஏற்றிக்கொண்டது.

கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கிறேன்:
ஆளில்லாத நிறுத்தத்தில்
உயிரில்லாத பலகை
இன்னும் சொல்கிறது,
ஆறு நிமிடம்.