ஏழாவது நிறுத்தம்

முப்பத்தொரு வருடம் தாலினில் டிராம் ஓட்டியவர் ஹெய்னோ.
கோப்லி பாதையின் ஏழாவது நிறுத்தம்
பிப்ரவரியில் ஒருநாள்
அவர் நாவில் ஏறாமலே போய்விட்டது.

டாக்டரம்மா தாளில் எழுதிக் கொடுத்தாள்:
கொழுப்புள்ள மீன், கீரை, அக்ரூட், காட்டு நீலப்பழம்.
“உதவலாம்” என்றாள்.
உதவும் என்று சொல்லவில்லை.
அந்த ‘லாம்’ ஒன்றைப்
பையில் போட்டுக்கொண்டு வீடு வந்தேன்.

ஜூலையில் காட்டுக்குப் போனோம்.
கொசு, சேறு, முழங்கால் வலி.
அவர் பறித்ததில் பாதி வாளிக்கு வரவேயில்லை.
“மருந்துதானே, விர்வே” என்று
ஊதா நாக்கை நீட்டிக் காட்டினார்.

இன்று
அடுப்பில் ரை ரொட்டி.
சிங்கில் நின்று
கிலு மீனின் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தவர்
கை நிறுத்தித் திரும்பினார்.
முகமெல்லாம் விளக்கு.

“அந்த நிறுத்தத்தில்
தினமும் ஆறே காலுக்கு ஏறுவாள்,
பச்சைக் குடை.
மால்லெ! அவள் பெயர் மால்லெ!”

நான் ஒன்றும் கேட்கவில்லை.
மீனை வறுத்தேன்.
சதகுப்பைத் தழை தூவினேன்.
அவர் தட்டிலிருந்து இரண்டை எடுத்து
என் தட்டில் வைத்துக்கொண்டேன்.

நிறுத்தத்தின் பெயர்
இன்னும் வரவில்லை.