கால் குறை

சட்பரி அரங்கில் என் நாற்காலி
மூன்று பேருக்கு இடப்பக்கம்,
ஹீட்டர் எட்டாத முனையில்.
காதில் கருவி. விரலடியில் இரண்டு பொத்தான்:
தாவலின் தொடக்கத்தை வெட்ட ஒன்று,
முடிவை வெட்ட ஒன்று.
பேச எனக்கு அனுமதி இல்லை.
கூலி ஒரு முட்டை சாண்ட்விச், இரண்டு காப்பிச் சீட்டு.

மதியம் ஒரு மணி. முதல் குழுவில் இரண்டாவது பெயர்
ரோவெனா பகடுவான், பதினாலு வயது, டிமின்ஸ்.
விடியுமுன் கிளம்பிய கார்த் தூக்கம்
இமையில் இன்னும் ஒட்டியிருந்தது.
தூரத்து மூலையில் டிரிபிள் லட்ஸ்.
ஏறினாள், சுழன்றாள், இறங்கினாள்.
தோளில் தைத்த கண்ணாடிக்கல் ஒன்று மட்டும் கழன்று
தனியாகச் சுற்றிக்கொண்டே போனது.

"ரிவ்யூ" என்றார் டெனி,
அவள் கை விரிவதற்குள்.

ஓட்டிக் காட்டினேன். மெதுவாக. இன்னும் மெதுவாக.
இருப்பது ஒரே கேமரா, அதுவும் எங்கள் பக்கத்தில்.
அந்த மூலையை அது சாய்வாகத்தான் பார்க்கும்,
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல.
கத்தி பனியைத் தொடும் படத்தில் நிறுத்தச் சொன்னார்கள்.
நிறுத்தினேன்.
"காலுக்கு மேல் குறை."
"ஆமாம்."
"ஆமாம்."
தாவலின் பெயருக்குப் பக்கத்தில்
அம்பின் தலை மட்டும் வந்து உட்கார்ந்தது.
போனது ஏறத்தாழ ஒன்றே கால் புள்ளி.

மூன்றரைக்குக் கடைசிக் குழு.
எலோடி ஷார்போனோ. போன வருடம் தேசியப் போட்டியில் ஏழாவது.
அவள் பெயர் எழுதிய அட்டைகள் கூட்டத்தில் ஆடின.
அதே மூலை. அதே லட்ஸ். அதே சாய்வு.
வெட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
டெனி பேனாவை மூடினார்.
ஹாகர்ட்டி அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
யாரும் பொய் சொல்லவில்லை.
யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வாரநாளில் நான் சுரங்க ஆய்வகத்தில்
கல்லைப் பொடித்து நிக்கல் எத்தனை என்று சொல்கிறவள்.
பையின் மேல் எண் இருக்கும்,
எந்தச் சுரங்கம், யாருடைய பங்கு என்று இருக்காது.
தெரிந்தால் தராசில் கை கனக்கும் என்று
யாரோ எப்போதோ யோசித்திருக்கிறார்கள்.
இங்கே தாவுகிறவள் முகத்தோடு வருகிறாள்,
ஊரோடு, போன வருடத்து மதிப்பெண்ணோடு.

எல்லாம் முடிந்ததும் தளத்தின் ஓரம் போய் நின்றேன்.
ஐஸ் வண்டி இன்னும் கிளம்பவில்லை.
அந்த மூலையில் இறங்கிய கோடுகள்
வில்லாய் வளைந்து வெளியே ஓடின.
ஒன்று மட்டும் நின்று, கொக்கி போட்டு, பிறகு ஓடியது,
எழுத்துக்கு இடும் துணைக்கால் மாதிரி.
யாருடையது? கடைசிக் குழுவில் ஆறு பேர்.
வண்டி வந்தது,
வெந்நீர் விட்டு நக்கிக்கொண்டு போனது.

கால் என்றால் நமக்குக் காலும்தான், கால்வாசியும்தான்.
காற்றுக்கும் பழைய பெயர் அதுதான்.
அவள் காலில் கால் குறை என்று
காற்றில் வைத்து எவரும் அளக்கவில்லை.
நான் நிறுத்திய படத்தில் அளந்தார்கள்.
அடுத்த படத்தில் கத்தி இன்னும் கொஞ்சம் திரும்பியிருக்கும்.
பனித்தூள் கிளம்பிவிட்டதா, இல்லையா?
கிளம்பியது என்றது விரல்.
விரல் அழுத்துமுன்
பட்டியலில் பெயரை நானும் படித்திருந்தேன்.

வெளிக்கூடத்தில், சிப்ஸ் மெஷின் பக்கம்,
காலுறையோடு ரோவெனா தாவிக்கொண்டிருந்தாள்.
கை மார்போடு, ஒரு சுற்று, இறக்கம்.
பெருவிரல் எங்கே பார்க்கிறது என்று
தரையோட்டின் கோட்டோடு ஒப்பிட்டாள்.
மறுபடி. கோடு.
மறுபடி.
அவள் அம்மா மதிப்பெண் தாளை மடித்து,
விரித்து, மடித்து.

மூன்றாவது இறக்கத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
கழுத்தில் தொங்கிய அதிகாரி அட்டையை
எழுத்துப் பக்கம் உள்ளே போகும்படி
திருப்பிப் போட்டுக்கொண்டு
காருக்கு நடந்தேன்.