பாறைக்குக் கீழே

ஞாயிறு, நாலே முக்கால்.
காளவாசலில் டீ குடித்துக் கிளம்பினோம்,
ஐந்து வண்டியில் ஒன்பது பேர்.
நாகமலையின் மேற்கு முனைக்கு.
வால் என்பார்கள் சிலர், தலை என்பார்கள் சிலர்.
பாம்பிடம் யாரும் கேட்டதில்லை.

என் பாதை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.
போன ஐப்பசியில் ஒற்றை ஆளாய் ஏறி
போனில் நீலக் கோடாய்ப் பதிந்து
'சுலபம். நாய்த்தொல்லை இல்லை. உச்சியில் நல்ல காற்று'
என்று ஊருக்கெல்லாம் பகிர்ந்தவன் நான்.

ஆவுடையான்பட்டியில் கண்மாய்க்கரை முடிந்து
கடலைக்காட்டு வரப்பில் பாதை திரும்புகிற இடத்தில்
மூன்று கட்டு சீமைக்கருவேல முள்.
வெட்டி ரெண்டு நாள்கூட ஆகியிருக்காது,
இலை இன்னும் பச்சை.

இம்மானுவேல் குச்சியால் ஒரு கட்டை ஒதுக்கினான்.
"பொறம்போக்குதானே, யாரு கேப்பா?"

கேட்டாள்.
தோளில் மம்பட்டி, ஈரத்தலையில் சுற்றிய துண்டு,
என் வயசுதான் இருக்கும்.
பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதில்
பவுன்தாய் என்று தெரிந்தது.

சமாதானம் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.
குப்பை போடமாட்டோம், பாட்டு வைக்கமாட்டோம்,
கடலைச்செடியில் கால் படாது,
சாமி மலை என்றால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

"அதெல்லாம் இல்லண்ணே.
மேல வழுக்குப்பாறையில நின்னு
ஆளாளுக்கு போட்டோ எடுக்குறீங்கள்ல,
அங்கன இருந்து நேர் கீழ என்ன தெரியுதுன்னு பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறேனே. தண்ணீர்.
விளிம்பு வரை நிரம்பிய கண்மாய், ஆலமர நிழல், படிக்கல் நாலு.
'மதுரைப் பக்கம் இப்படி ஓர் இடமா' என்று
முந்நூறு பேர் வாய்பிளந்த படம்.

"பொம்பளைக படித்துறைண்ணே அது.
வீட்டுக்கு வீடு பாத்ரூமா இருக்கு?
முன்னெல்லாம் பிள்ளைகளுக்குச் சோத்தப் போட்டுட்டு
ஆற அமர ஏழு மணிக்கு வருவோம்.
இப்ப ஞாயித்துக்கெழமைன்னா மூணரை.
போன மாசம் இருட்டுக்குள்ள படியில
அமுதவல்லியப் பாம்பு கடிச்சிருச்சு.
பொழச்சுக்கிட்டா.
பெரியாஸ்பத்திரில பதினோரு நாள்."

கோபமாகச் சொல்லியிருந்தால்
நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

அந்தப் படத்தைத் திறந்தேன்.
இடது மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி.
இத்தனை நாளும் அரளி என்று நினைத்திருந்தது.
இரண்டு விரலால் இழுத்தேன்.
மாரில் ஏற்றிக் கட்டிய பாவாடை
என்பது மட்டும் புரிந்ததும்
விரலை எடுத்துவிட்டேன்.
மேலும் பெரிதாக்கினால்
மறுபடியும் அந்தப் பாறையில்தான் நிற்பேன்.

படத்தை அழித்தேன். கோட்டையும்.
நிச்சயமாக நீக்கவா என்றது போன்.
ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்கள் 412 என்றும் காட்டியது,
அதைக் குறைக்க அதில் பொத்தான் இல்லை.

ஷர்மிளாதான் கேட்டாள், வேறு வழி உண்டா என்று.
பவுன்தாய் மம்பட்டியைத் தோள் மாற்றினாள்.
"வடக்கால கல்லுக்குழி ஓரமா ஆட்டுத்தடம் ஒண்ணு இருக்கு.
ரெண்டு மைல் கூட வரும். படித்துறை தெரியாது.
ஆனா நான் ஒருத்தி சொன்னா ஆச்சா?
புதன்கெழமை குழுக்கூட்டம். கேட்டுட்டுச் சொல்றோம்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கு இல்ல."

பெட்ரோல் காசு, தூக்கம், கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு
எல்லாவற்றையும் முணுமுணுத்தபடி இம்மானுவேல்
ஒதுக்கிய கட்டைப் பழைய இடத்துக்கே இழுத்துவைத்தான்.
முள் கீறியதில் அவன் சொன்ன வார்த்தையை
எழுத முடியாது.

திரும்பும்போது கண்மாய்க்கரை முக்கில்
எதிரே நாலு வண்டி.
புதுத் தொப்பி, புதுப் பை, தூக்கம் போகாத முகங்கள்.
முன்னால் வந்த பையன் போனை நீட்டினான்.
"அண்ணே, வழுக்குப்பாறைக்கு இப்படித்தானே?"

திரையில் நீலமாய் நெளிந்தது
என் கோடு.

வண்டியைக் குறுக்கே நிறுத்தி
ஸ்டாண்ட் போட்டேன்.